நீ செய்த சக்கரத்துக்கு நான் சொன்ன சாட்சி

மாமல்லபுரம் கடற்கரைப் பெருமக்களுக்கும், பேருந்து நிலையத்தின் பின்புறம் நிரந்தரமாகக் குடியிருக்கும் நாய்களுக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது: எனது வலது கால் ஹவாய் செருப்பு, நெடுநாள் வார் கோளாறால் அவதிப்பட்டு, மூன்று முறை ஊக்கு குத்திப் பிழைத்து, இன்று காலை ஏழு மணியளவில் பால் பாக்கெட் வாங்கப் போன வழியில் இயற்கை எய்தியது. அன்னாருக்கு வயது ஒன்றரை. இடது கால் செருப்பு ஆறுதல் கொள்ள முடியாத நிலையில் வாசலில் கிடக்கிறது.

"தூக்கிப் போடுடா" என்றாள் அம்மா. நான் போடவில்லை. காய் நறுக்கும் கத்தியை எடுத்து அடிப்பாகத்தைச் சாய்வாக ஒரு கீறு கீறினேன். ரப்பர் எவ்வளவு தேய்ந்தாலும் உள்ளே வெட்டினால் புதிதாகத்தான் மணக்கிறது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய் பஜ்ஜிக்கடை அக்கா. மடியில் நாலு செருப்பு, கையில் மீன் வெட்டும் கத்தி, காதோரம் செருகிய பென்சில். கடல் கரையில் ஒதுக்கிய செருப்புகளைத்தான் நீ பொறுக்குவாய். ஒன்றுக்கும் ஜோடி இருக்காது. "ஜோடி எதுக்குடா? நான் இன்னா கால்லயா போட்டுக்கப் போறேன்?" என்பாய்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். உன் பஜ்ஜி வண்டி சைக்கிள் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று சொல்வது மரியாதைக்கு. கேஸ் சிலிண்டர், எண்ணெய்ச் சட்டி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ஏற்றி மணலில் இறக்கினால் பாதி சக்கரம் புதைந்துவிடும். தினமும் மூன்று பேர் தள்ள வேண்டும். நானும் என் கூட்டாளிகளும் மணல்மேட்டில் உட்கார்ந்து நேர்முக வர்ணனை செய்வோம்.

"இன்னாக்கா, வண்டி குளிக்கப் போவுதா?"

"வந்து தள்றா டுபாக்கூரு. வாயால தள்ளினா வண்டி போவாது."

பிறகு ஒருநாள் நீ இரண்டு நீல நிற பிளாஸ்டிக் ட்ரம்மை வாங்கி வந்து அறுத்து, அகலமான சக்கரமாக மாட்டினாய். வண்டி புதையவில்லை. ஆனால் அச்சு நுழையும் ஓட்டை வழியாக மணல் உள்ளே போய், சாயங்காலத்துக்குள் சக்கரம் அம்மிக்கல்லாகிவிடும். தினம் கழற்றிக் கொட்டுவாய். ஈ.சி.ஆர். ஓரம் ஒரு கட்டடத்தில் கான்கிரீட் கலக்கும் இயந்திரம் சுற்றுவதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தாயாம். கொத்தனார் பயந்துபோய் "இன்னாம்மா வேணும்?" என்று கேட்டாராம். "ஒண்ணும் வேணாம் அண்ணாத்த, சுத்துது இல்ல, அத்தான் பாத்துகினு கீறேன்" என்றாயாம். மறுநாள் செருப்புகளைச் சாய்வாக வெட்டி, இறக்கை போலச் சக்கரத்துக்குள் வரிசையாகப் பதித்தாய். பக்கவாட்டில் ஓட்டைகள் போட்டாய். சக்கரம் சுற்றச் சுற்ற, உள்ளே போன மணலை அந்த ரப்பர் இறக்கைகளே அள்ளி வெளியே தள்ளிவிட்டன. அதற்கப்புறம் நீ ஒற்றைக் கையால் வண்டியைத் தள்ளினாய். எங்கள் வர்ணனைக்கு வேலையில்லாமல் போனது.

சோளக்கதிர், மாங்காய், பொரி என்று கடற்கரையில் இருந்த மற்றவர்களும் கேட்டார்கள். செய்து கொடுத்தாய். பதினோரு வண்டி. உன்னைக் கேட்டால் பெருமையாக எதுவும் சொல்லமாட்டாய். "மணலுக்கு வெளிய போவணும், நான் வழி விட்டேன்" அவ்வளவுதான்.

எனக்குப் பதினைந்து வயதானபோது அந்த உறை வந்தது. ரிசார்ட்டுகளுக்கு மணல் வண்டி செய்து தரும் ஒரு கம்பெனி அனுப்பியது. உள்ளே சாய்வுத் தகடு வைத்து மணலைத் தானாக வெளியேற்றும் சக்கரத்துக்குத் தங்களிடம் காப்புரிமை இருக்கிறது, நீ அதை மீறிவிட்டாய் என்று செங்கல்பட்டு நீதிமன்றத்தில் வழக்கு. காப்புரிமை என்றால் கையில் காப்பு மாட்டும் உரிமை என்று நான் விளக்கம் கொடுத்தேன். நீ சிரிக்கவில்லை. நான் சொல்லி நீ சிரிக்காமல் போன முதல் ஜோக் அது. வழக்கு முடியும்வரை அந்தச் சக்கரத்தைச் செய்யவும் கூடாது, ஓட்டவும் கூடாது என்று தடை வந்தது. பதினோரு வண்டியும் மறுபடி சைக்கிள் சக்கரத்துக்கு மாறி மணலில் புதைந்தன.

தள்ளுவதுகூட உனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வேறொன்று உறுத்தியது.

"நான் செஞ்சத நானே காப்பி அடிச்சேனாம்டா. அத எப்பிட்றா அடிக்கிறது? பரிட்சையில அடிக்கிறவன் நீதான, சொல்லு."

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பக்கத்து பெஞ்சைப் பார்த்துக்கூட எழுத முடியாது.

செங்கல்பட்டு வக்கீல் சாரிடம் போனபோது அம்மாவும் நானும் உன்கூட வந்தோம். நீ டிபன் பாக்ஸில் வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்திருந்தாய். அவர் ஒன்றைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "அவங்க உங்களப் பாத்துச் செஞ்சாங்களா, தானா யோசிச்சாங்களா, அது நமக்குத் தேவையில்ல. அவங்க விண்ணப்பம் போட்ட தேதிக்கு முன்னாடியே இந்தச் சக்கரம் ஊருக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு காட்டணும். ஏற்கெனவே ஊருக்குத் தெரிஞ்ச பொருளுக்குக் காப்புரிமை நிக்காது."

"ஊருக்கே தெரியும் சார். கடக்கரை நாய்க்குக்கூடத் தெரியும்."

"நாய் வந்து தேதி சொல்லுமாம்மா?"

நீ டிபன் பாக்ஸை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாய்.

அந்தக் காப்புரிமையே செல்லாது என்று அவர் எதிர்வழக்குப் போட்டார். அப்படிப் போட்டால் வழக்கை உயர் நீதிமன்றம்தான் விசாரிக்குமாம். கோப்பு சென்னைக்குப் போனது. நாமும் செங்கல்பட்டில் மின்சார ரயில் பிடித்துப் போகத் தொடங்கினோம். வாய்தா வாங்கி வாங்கி எனக்குத் தாம்பரம்வரை எல்லா ஸ்டேஷனும் தலைகீழாக மனப்பாடம்.

தேதி போட்ட பழைய படம் வேண்டும் என்றதும் ஊரே தேடியது. கடற்கரையில் கல்யாணப் படம் எடுத்த ஜோடிகளைக்கூட விடவில்லை. ஒரு படத்தில் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் உன் வண்டி தெளிவாக நின்றது. நீல ட்ரம் சக்கரம், தேதி, எல்லாம் இருந்தது. மாப்பிள்ளை முகம்தான் சரியாக இல்லை. துள்ளிக்கொண்டு போனோம். எதிர்த் தரப்பு வக்கீல் ஒரே வரியில் உட்கார வைத்துவிட்டார்: ட்ரம் சக்கரம் பழசுதான், ஒத்துக்கொள்கிறோம், எங்கள் புதுமை உள்ளே இருக்கும் சாய்வுத் தகடு, அது இந்தப் படத்தில் எங்கே தெரிகிறது?

சக்கரத்துக்குள் போய் யார் படம் எடுப்பார்கள்?

நான் எடுத்திருந்தேன்.

பதினோரு வயதில், ஒரு காணும் பொங்கல் அன்று. மாமல்லபுரத்தில் கடல் தெரியாத அளவுக்குத் தலைகள் தெரியும் நாள். ஆண்டு முழுவதும் நீ காத்திருக்கும் நாள். நீ வெங்காயம் வாங்கப் போன நேரத்தில் உன் வண்டியின் ஒரு சக்கரத்தைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து, அம்மாவின் போனை உள்ளே கட்டி, இரண்டு கை மணலையும் போட்டு மூடி, மேட்டிலிருந்து உருட்டிவிட்டேன். 'மாமல்லபுரம் ராட்டினம், இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்' என்று தலைப்பு வைத்து என் சேனலில் ஏற்றினேன். வீடியோவில் நீல வெளிச்சம் சுற்றுகிறது. செருப்பு இறக்கைகள் ஒவ்வொன்றாக மேலேறி மணலை அள்ளி ஓட்டை வழியாகக் கொட்டுகின்றன. ஒரு இறக்கையில் யாரோ ஒருவரின் குதிகால் தேய்ந்த தடம்கூடத் தெரியும். பின்னணியில் நான் பேய் மாதிரிச் சிரிக்கிறேன். கம்பெனி தன் விண்ணப்பத்தில் வரைந்து வைத்த படம்கூட அவ்வளவு தெளிவாக இல்லை என்றார் வக்கீல் சார். முக்கியமாக, அவர்கள் விண்ணப்பம் போடுவதற்கு ஓராண்டுக்கு முன்பே அது உலகத்தின் பார்வைக்குப் போய்விட்டது.

நீ கடற்கரை முழுக்கச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். படம் பயன்படாது என்று தெரிந்ததுமே நான் ஓடிவந்து, "அக்கா, உள்ள எடுத்த வீடியோ என்கிட்ட கீது" என்று போனை நீட்டினேன். நீ மூன்று முறை பார்த்தாய். முதல் முறை வாயைப் பொத்திக்கொண்டாய். இரண்டாம் முறை "ஆமா, இது அந்தப் பச்சைச் செருப்பு" என்றாய். மூன்றாம் முறை விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அப்போ சக்கரத்த எடுத்தது பலூன் கட அண்ணன் இல்லியா?"

நான் உருட்டிவிட்ட அந்தக் காணும் பொங்கல் அன்று சக்கரம் இல்லாமல் உன் வண்டி நாள் முழுக்க மேட்டிலேயே நின்றது. பொழுது சாய்ந்த பிறகுதான் சக்கரம் சவுக்குத் தோப்பில் கிடைத்தது. பலூன் சுடும் கடைக்காரர்தான் விளையாட்டுக்கு எடுத்தார் என்று முடிவு கட்டி, நாலு வருஷமாக அவரோடு நீ பேசவில்லை. அதற்கு முன்னால் தினமும் ஒரே டீயை இரண்டு கிளாஸில் பங்கு போட்டுக் குடித்தவர்கள் நீங்கள்.

வக்கீலுக்குப் போன் போடுவதற்கு முன் நீ அவர் கடைக்குத்தான் நடந்தாய். என் சட்டைக் காலர் உன் கையில்.

"அண்ணா, சக்கரத்த எடுத்தது இந்தப் பேமானி. நான் உன்னப் போயி சொல்லிகினு இருந்தேன். மன்னிச்சிக்கோ."

அவர் துப்பாக்கிக்கு ரவை போட்டுக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "நாலு வருசம் நீ பேசாததால நானு நிம்மதியா கட நடத்தினேன். இப்ப எதுக்கு வந்து பேஜாரு பண்ற?"

"சரி, டீ சொல்லு."

"நீ சொல்லு. தப்பு உன்து."

நீ சொன்னாய். எனக்கும் சேர்த்து மூன்று. என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன், நீ திட்டவில்லை. சுடச்சுட இருந்த கிளாஸை என் கையில் கொடுத்து, "ஒயுங்கா குடி, சட்டையில ஊத்திக்காத" என்றாய். அந்த டீயின் சூடு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தப்பு செய்தவனுக்கும் ஒரு கிளாஸ் சேர்த்துச் சொல்ல முடியும் என்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வீடியோ எடுத்த போன் தன் பொறுப்பில் இருந்தது என்று அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. "என் போன் என்னைக்குடா என் பொறுப்புல இருந்துச்சு?" என்று கேட்டபடியே போட்டாள். அடுத்தது என் சாட்சி. உள்ளே சாட்சியைப் பதிவு செய்பவரும் நீயும் வக்கீல்களும் மட்டும். அங்கே நடந்தது பற்றி ஊரில் உலவும் செய்தி இதுதான். எதிர்த் தரப்பு வக்கீல் என்னை மடக்கப் பார்த்தார்.

"சக்கரத்தை அனுமதி கேட்டு எடுத்தீங்களா?"

"அனுமதி கேட்டு எடுத்தா அது வீடியோ இல்ல சார், வீட்டுப்பாடம்."

அறையே சிரித்தது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நான் சிங்கம்போல நின்றேன். பள்ளியில் இதை நான் எத்தனை முறை நடித்துக் காட்டியிருக்கிறேன் என்பதற்கு என் வகுப்பாசிரியரின் பொறுமையே சாட்சி.

பல மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. அந்தப் புதுமை ஏற்கெனவே வெளியே தெரிந்ததுதான், காப்புரிமை செல்லாது, தடை நீங்கியது. வக்கீல் சார் போனில் சொன்னபோது நீ சட்டியில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாய். "சரி சார். வெக்கிறேன், எண்ணெ காயுது" என்றாய். போனை வைத்துவிட்டு, கரண்டியைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் கடலையே பார்த்தாய். "நான் காப்பி அடிக்கலடா" என்று சொன்னாய். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. அன்று ஒரு தட்டு பஜ்ஜி கருகியது. உன் வண்டியில் பஜ்ஜி கருகி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் பதினோரு வண்டியிலும் நீலச் சக்கரம்.

ஆறு மாதம்கூட அதை முழுதாக ஓட்டவில்லை நீ. காய்ச்சல் என்றாய், அப்புறம் மூச்சு வாங்குகிறது என்றாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் வந்து பார்த்தேன். ஒரு ஸ்ட்ரெச்சர் கிறீச்சென்று கடந்து போனது. கண்ணைத் திறந்து அதன் காலடியையே பார்த்தாய். "எவன்டா செஞ்சான் அந்தச் சக்கரத்த? பாரு, இன்னா கஷ்டப்படுது" என்றாய். "வந்து சரி பண்ணு" என்றேன். "எழுந்ததும் மொதல் வேல அதான்" என்றாய். நீ எழவில்லை.

நாளை காணும் பொங்கல். உன் வண்டியை உன் மகள் தள்ளப் போகிறாள், பின்னால் நான். இந்த மடலைப் பதினோரு வண்டிக்காரர்கள் முன்னாலும் பலூன் கடை மாமா முன்னாலும் படிக்கப்போகிறேன். அதனால் இந்தக் கடற்கரையில் உனக்கும் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ஓடிவரவில்லை அக்கா. வழக்கு வந்த முதல் வாரமே நீ எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்க போனுல பழைய பொங்கல் படம் எதனா கீதா?" என்று கேட்டாய். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "எல்லாம் அழிஞ்சிபோச்சுக்கா" என்றேன். சக்கரம் திருடியது நான்தான் என்று தெரிந்துவிடுமே. அன்றே வீடியோவை வேறு யாரும் பார்க்க முடியாதபடி பூட்டினேன். கல்யாணப் படம் தேடி நீ ஊர் ஊராக அலைந்த நாலு மாதமும் அது என்னிடம்தான் இருந்தது. மூன்று முறை அழிக்கப் போனேன். அழிக்காமல் விட்டதற்குக் காரணம் நேர்மை என்று நினைத்துவிடாதே. என் சேனலில் இருநூறு பேருக்கு மேல் பார்த்த ஒரே வீடியோ அதுதான், மனசு வரவில்லை. கடைசியில் அடுத்த காணும் பொங்கல் அன்று, 'இதே நாளில்' என்று அம்மாவின் போனே அந்தப் பழைய வீடியோவை எடுத்துக் காட்டிவிட்டது. உன் வண்டிவரைக்கும் அவள் என்னைக் காதைப் பிடித்துத்தான் இழுத்து வந்தாள். நாலு மாதம் ஒளித்து வைத்தேன் என்று தெரிந்த பிறகுதான் நீ எனக்கு அந்த டீயைச் சொன்னாய். 'பையன் தானா ஓடியாந்து குடுத்தான்' என்று கடற்கரைக்கு நீயே கதை கட்டினாய்.

வீட்டுப்பாடம் பற்றி நான் அந்த அறையில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் என்னை மடக்கவும் இல்லை. ரொம்பப் பொறுமையாக, "தம்பி, இந்த வீடியோவ ஏன் நாலு மாசம் மறைச்சு வெச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். "அக்கா திட்டுவாங்கன்னு பயமா இருந்துச்சு சார்" என்றேன். சாட்சிப் பதிவின் நகல் என்னிடம் இருக்கிறது. சாட்சி அழுகிறார், விசாரணை பத்து நிமிடம் நிறுத்தப்படுகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. பயந்து ஒளித்து வைத்த வீடியோவை வழக்குக்காகத் தயாரித்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது என்று வக்கீல் சார் சந்தோஷப்பட்டார். நீ ரயிலில் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "உள்ள நடந்தத எவன்கிட்டயும் சொல்லாத. சிங்கம் மாதிரி நின்னான்னு நான் சொல்லிக்கிறேன்" என்றாய். சொன்னாய். இரண்டு வருஷமாக அந்தச் சிங்கத் தோலைப் போர்த்திக்கொண்டு திரிகிறேன். அதை எனக்குத் தைத்துக் கொடுத்தவள் நீ. நன்றி அக்கா.

அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குத் தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்டிக்கொடுத்தவரும் எதிர்த் தரப்பு வக்கீல்தான். அவருடைய பாட்டிலையே காலி செய்துவிட்டேன்.